சவரிமுத்து அண்ணனுக்குப் பக்கத்தில் வாசித்த வருடங்கள்

போன மாதம் புக்கிட் பெருந்துங்கில் உங்கள் பேண்ட் பயிற்சியைக் கேட்க வந்திருந்தேன். கடைவீட்டு மேல்மாடி, ஒரே ஒரு குளிர்சாதனம், அதுவும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ரவாங்கில் தொழிற்சாலையிலும் ஆபீசிலும் வேலை முடிந்து நேராக வந்திருந்தீர்கள். பாதிப் பேர் கழுத்தில் கம்பெனி அட்டையைக்கூடக் கழற்றவில்லை. நன்றாகவே வாசித்தீர்கள். முடிந்த பிறகு உங்கள் டிரம்ஸ் வாசிக்கும் பிள்ளை யாழினி என்னிடம் வந்து கேட்டாள்.

"அங்கிள், பிக் பேண்டுல டிரம்ஸோட வேலை என்ன? எல்லாரும் டைம் கீப் பண்ணணும்ங்கறாங்க. அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா. அதுவே பெரிசு" என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கிவிட்டேன்.

புக்கிட் செந்தோசாவில் வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போதே அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஒழுங்கான பதில் சொல்ல வேண்டுமென்றால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைப் படிக்கட்டில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். குச்சியை எப்படிப் பிடிப்பது, டிரம்ஸ் தோலை எவ்வளவு முறுக்குவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதெல்லாம் இப்போது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜெராமுக்கு உள்ளே ஒரு தோட்டத்தின் செம்பனை எண்ணெய் ஆலையில், பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கல்யாணம், கோயில் திருவிழா என்று சுற்றுவட்டாரத் தமிழ்ப் பாட்டுக் கச்சேரிகளுக்கு டிரம்ஸ் வாசிப்பேன். கை வேகம் அதிகம். கூட்டம் என் பக்கம் திரும்பிக் கைதட்டும்போது எனக்குத் தலை கொஞ்சம் கனத்துப் போகும்.

அந்தச் சமயத்தில் ஒருவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அரசாங்க பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்று, கோலசிலாங்கூர் பக்கம் வந்து குடியேறியவர். எங்களுக்கு அவர் மாஸ்டர். கடைசிவரை விளம்பரத் தாளில் தன் பெயரைப் போடவிடாத மனிதர், அதனால் நானும் இங்கே போடவில்லை. பழைய ஸ்விங் நடன இசைக்குத் தோட்டத் துரைமார் கிளப்புகளில் இன்னும் ஆள் தேடிக்கொண்டிருந்த காலம் அது. மாஸ்டர் ஒரு ஜாஸ் பேண்ட் சேர்த்தார். நாலு டிரம்பெட், மூன்று டிரம்போன், ஐந்து சாக்ஸபோன், பியானோ, பாஸ், கித்தார், அப்புறம் நான். ராணுவ பேண்டில் வாசித்த மலாய்க்காரர்கள், கிள்ளானில் சீனப் பள்ளி பேண்டில் பழகியவர்கள், மாதாகோயில் பேண்டில் ஊதிய நம் ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் கூடுவோம்.

முதல் டிரம்பெட் சவரிமுத்து அண்ணன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கும் கும்பலை மேய்க்கும் மண்டோர், மேஸ்திரி மாதிரி. ஒல்லியான ஆள், நீளமான கழுத்து. தோட்டத்தில் சாவு என்றால் பிரேத ஊர்வலத்தில் முன்னால் ஊதிக்கொண்டு போவார். அவருக்கு இசை நோட்டு படிக்கத் தெரியும், ஆனால் படித்து நான் பார்த்ததில்லை. இரண்டு முறை கேட்டால் போதும், தாள் தேவையில்லை.

பெரிய பேண்டில் முதல் டிரம்பெட்டுக்கு இருக்கும் மரியாதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எல்லாருக்கும் மேலே கேட்கும் சத்தம் அவருடையது. அவர் ஒரு நோட்டை நீட்டினால் மற்ற ஊதுகிறவர்களும் நீட்ட வேண்டும், அவர் நறுக்கினால் நறுக்க வேண்டும். மாஸ்டர் முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்.

"குணா, இந்த பேண்டை ஓட்டப்போறது ரெண்டு பேரு. நான் இல்ல. நான் முன்னால நின்னு கையை ஆட்டுவேன், பார்க்கிறவங்களுக்கு அழகா இருக்கும். ஓட்டுறது நீயும் சவரியும்தான். உங்களுக்குள்ள ஒத்துப் போகலன்னா லோரி ஆத்துல இறங்கிடும்."

சவரி அண்ணனுக்கு இடப்பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் என் டிரம்ஸ்.

முதல் நிகழ்ச்சி ஒரு துரைமார் கிளப்பில். நடனத்துக்கு ஜோடிகள் இறங்கியிருந்தார்கள். ஒரு பாட்டில், சாக்ஸபோன்கள் முடித்ததும் சின்ன இடைவெளி, அதன் பிறகு டிரம்பெட்டும் டிரம்போனும் சேர்ந்து பெரிதாக நுழைய வேண்டும். அந்த இடைவெளியில் டிரம்ஸ்காரன் ஒரு ரோல் அடித்து அவர்களை உள்ளே அழைக்க வேண்டும். நான் திருவிழா மேடையில் அடிப்பதுபோல அடித்தேன். தோலிலிருந்து தோலுக்கு ஓடி, சிம்பலில் ஏறி, எனக்கே ரொம்பப் பிடித்துப்போன ஒரு ரோல். நடனமாடிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

ஊதுகிறவர்களில் பாதிப் பேர் முன்னாலும் பாதிப் பேர் பின்னாலும் நுழைந்தார்கள். இரண்டு டிரம்போன் நுழையவே இல்லை. சவரி அண்ணன் மட்டும் சரியான இடத்தில் ஏறி, அப்படியே இழுத்துப் பிடித்து, சிதறிப் போனவர்களை ஒவ்வொருவராகத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். ஜோடிகளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இடைவேளையில் கிளப் சமையற்கட்டுக்குப் பின்னால் எங்களுக்கு மீ கோரெங் கொடுத்தார்கள். அண்ணன் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"தம்பி, நான் எங்க மூச்சு எடுக்கிறது?"

"என்னண்ணே?"

"நாங்க ஏழு பேரு ஒரே நேரத்துல மூச்சை இழுக்கணும், ஒரே நேரத்துல விடணும். ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பார்க்க முடியாது, எல்லாம் முன்னால பார்த்து உட்கார்ந்திருக்கோம். நீ அடிக்கிறத வச்சுதான் இங்க இழுக்கணும்னு தெரியும். நீ அடிச்ச அடியில மூச்சு எடுக்க இடமே இல்லலா. முழுக்க நீயே இருக்கே."

கோபமாகச் சொல்லவில்லை. பசி தீரச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். இரண்டாவது பாதியில் அந்த இடம் மாதிரியே ஒன்று வந்தபோது, இரண்டே அடி அடித்துவிட்டு நிறுத்தினேன். பக்கத்தில் ஏழு பேர் ஒன்றாக மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அதற்கு முன் எத்தனையோ வருடம் வாசித்திருக்கிறேன், அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை.

அன்றிலிருந்து நான் அவர் முகத்தைப் பார்த்து வாசிக்கப் பழகினேன். அவரும் தாளைப் பார்க்காதவர் என்பதால் என்னைப் பார்க்க நேரம் இருந்தது. ஜெராமிலிருந்து பயிற்சிக்கு என் மோட்டர் சைக்கிளில்தான் வருவார், டிரம்பெட் பெட்டி எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும். வழியில் அதிகம் பேசமாட்டோம். அவர் பின்னால் உட்கார்ந்து அன்று வாசிக்கப்போகும் பாட்டை முனகிக்கொண்டே வருவார், நான் கைப்பிடியில் விரலால் தட்டிக்கொண்டே ஓட்டுவேன். பயிற்சியில் பாதி அந்த ரோட்டிலேயே முடிந்துவிடும்.

பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டத்தில் மத்தியானக் கல்யாண விருந்து. பலகைச் சுவரும் தகரக் கூரையுமாகப் பழைய மண்டபம். சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது வானம் இருண்டு காற்று எழுந்தது. திடீரென்று கூரையிலிருந்து ஒரு தகரம் பிய்த்துக்கொண்டு போனது. மின்சாரம் நின்றது. மைக், பாஸ், மின்சார பியானோ எல்லாம் ஒரே நொடியில் ஊமை. மண்டபத்துக்கு அகலமான வாசல் ஒன்றே ஒன்றுதான். நூற்றுக்கணக்கான பேர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, ஒருவர் முதுகை ஒருவர் தள்ளிக்கொண்டு வாசலைப் பார்த்து நெருக்கினார்கள்.

நாங்கள் வேகமான பாட்டின் நடுவில் இருந்தோம். மின்சாரம் போனாலும் டிரம்ஸுக்கும் ஊதுகிறவர்களுக்கும் ஒன்றும் ஆகாது. என் கை தானாகவே இன்னும் வேகமாக ஓட ஆரம்பித்தது. பயந்தால் கை அப்படித்தான் ஓடும், உங்களுக்கும் ஓடும். அந்த நெரிசலைப் பார்த்தபோது, அவர்கள் கால்கள் என் அடிக்குத்தான் ஓடுகின்றன என்று தோன்றியது. உண்மையா என்று யோசிக்க நேரமில்லை. வேகத்தை இறக்கினேன். பாதியாக, அப்புறம் அதிலும் பாதியாக, ஊர்வலம் போகிற நடைக்கு வந்தேன். சவரி அண்ணன் டிரம்பெட்டை இறக்கி ஒரு நொடி என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார். அதே பாட்டை மெதுவாக, அசைந்து அசைந்து மேலே எடுத்து ஊதினார். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

ஜனங்கள் நடந்து வெளியே போனார்கள். நடந்தார்கள், ஓடவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கல்யாண கேக் மட்டும் நனைந்து சரிந்துவிட்டது. கடைசி ஆள் வெளியே போகும்வரை நாங்கள் நிறுத்தவில்லை, எங்கள் சட்டையெல்லாம் மழை.

திரும்பும் வழியில் மோட்டரில் அவர் என் தோளில் கை வைத்து, "இன்னைக்கு லோரியை நீதான் ஓட்டினே" என்றார். யார் பாராட்டியும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

இதற்குமேல் சொல்லப்போவது எனக்குச் சுலபமில்லை.

அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ, அண்ணனுக்கு இருமல் தொடங்கியது. பின்னால் உட்கார்ந்து முனகுவதை நிறுத்திவிட்டார். எங்களிடம் ஒரு மெதுவான பாட்டு இருந்தது, அதில் முதல் டிரம்பெட் நீளமான ஒரு வரியை மூச்சு விடாமல் கொண்டுபோக வேண்டும். அந்த வரியை அவர் நடுவில் மூச்சு எடுத்து உடைத்தார். கேட்பவர்களுக்குத் தெரியாதபடி அழகாகத்தான் உடைத்தார். பக்கத்தில் இருந்த எனக்குத் தெரிந்தது.

"தம்பி, அந்த ஸ்லோ பாட்டைக் கொஞ்சம் தூக்கி வாசியேன்" என்றார் ஒரு நாள்.

வாசித்தேன். வேகம் கூடினால் வரி சீக்கிரம் முடியும், மூச்சு போதும். மாஸ்டர் பயிற்சியை நிறுத்தினார்.

"குணா, காலுக்கு அடியில நெருப்பா வச்சிருக்கு?"

"இல்ல மாஸ்டர்."

"அப்ப ஏன் ஓடுற?"

பழைய வேகத்துக்கு வந்தேன். அண்ணன் அந்த வரியை மறுபடியும் உடைத்தார்.

அதன் பிறகு ஒரு நாள் பயிற்சிக்குப் போகும் வழியில் ஜெராம் கடற்கரைப் பக்கம் மோட்டரை நிறுத்தச் சொன்னார். கடல் வற்றி, சேறு தூரம்வரை தெரிந்தது. படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. டிரம்பெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சின்ன வயசுல எனக்குக் காசநோய் வந்துச்சு, உனக்குத் தெரியாது. நுரையீரல்ல அது விட்டுட்டுப் போன இடம் மெலிஞ்சு பலூன் மாதிரி ஆயிருச்சாம். அழுத்தி ஊதினா வெடிச்சுடும்ங்கிறாரு டாக்டரு."

"ஊதக்கூடாதுன்னா சொன்னாரு?"

"இந்த வாத்தியத்த வித்துடுன்னாரு."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"நெஞ்சுச் சளின்னு சொல்லி வச்சிருக்கேன்."

அப்போது எங்கள் பேண்டுக்கு ஒரு வாய்ப்பு வந்திருந்தது. கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் வாரக் கடைசியில் நிரந்தரமாக வாசிக்கும் வேலை. அந்த ஹோட்டலின் மேலாளர், ஒரு ஞாயிறு சாயங்காலம் துரைமார் கிளப்புக்கு வந்து எங்களைக் கேட்கப்போகிறார். தோட்டத்தை விட்டு வெளியே போக எங்களில் பலருக்கு அதுதான் வழி. எனக்கும்தான்.

"ஹோட்டல்காரன் வந்துட்டுப் போகட்டும் தம்பி. அதுக்கப்புறம் நானே மாஸ்டர்கிட்ட சொல்றேன்."

"அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?"

"ஆகாது."

"எப்படிண்ணே சொல்றீங்க? நீங்க மாஸ்டர்கிட்ட சொல்லணும். நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன். உங்க மூஞ்சிய பார்த்துச் சொல்றேன், முதுகுக்குப் பின்னால செய்யல."

கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லு. நான் தடுக்கல" என்றார் கடைசியில். "தோட்டத்துல நான் மருந்துத் தொட்டிக்குப் பின்னால நடக்கிறவன். பேண்டுல எழுந்து நின்னு ஊதும்போது மட்டும்தான் தம்பி, சவரிமுத்துன்னு ஒருத்தன் இருக்கான்னு எனக்கே தோணும். பரவாயில்ல, சொல்லு. ஆனா சொன்னப்புறம் மேடையில என்னைப் பார்க்காதே."

மறுநாள் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, டின்னில் மிச்சமிருந்ததையும் போட்டு முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அனுப்பிட்டா வீட்டுல உட்கார்ந்து ஊதுவான். யாரும் பார்க்க மாட்டாங்க, நிறுத்தவும் ஆளிருக்காது. மூணாவது டிரம்பெட்டுல வைக்கிறேன். கீழ இருக்கிற சத்தம், அழுத்தம் வேண்டாம். என் கண் முன்னால இருக்கட்டும்."

"ஊதவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு மாஸ்டர்."

"தெரியுது. டாக்டருக்குச் சவரியைத் தெரியாது."

அது சரியான முடிவா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அப்போது என்னிடம் அதைவிட நல்ல யோசனை இல்லை. இப்போதும் இல்லை.

முதல் டிரம்பெட்டுக்குக் கிள்ளானிலிருந்து ஆ லியோங் என்பவர் வந்தார். நல்ல வாசிப்பு, சுத்தமான சத்தம். சவரி அண்ணனை மலாயில் "அபாங்", அண்ணன் என்று கூப்பிட்டு மரியாதையாக நடந்துகொண்டார். அண்ணன் ஒன்றும் முணுமுணுக்காமல் மூன்றாவது நாற்காலிக்கு மாறினார். என் மோட்டரில் வருவதை நிறுத்திவிட்டு, கோலசிலாங்கூர் பஸ்ஸில் வந்தார். பேசினால் பதில் சொல்வார். மேடையில் நான் அவர் பக்கம் பார்த்ததில்லை, அவர் கேட்டுக்கொண்டபடி.

அந்த ஞாயிறு வந்தது. கிளப் நிறைந்திருந்தது. மேலாளர் முன்வரிசை மேசையில் மனைவியோடு தேநீர் குடித்துக்கொண்டு கேட்டார். காலை அசைத்தார், பிறகு தலையையும் அசைத்தார். பாட்டுக்குப் பாட்டு ஏறிக்கொண்டே போனது. கடைசிப் பாட்டு எங்களிடம் இருந்ததிலேயே பெரியது. முடிகிற இடத்தில் எல்லா ஊதுகிறவர்களும் மேலே ஏறி, முதல் டிரம்பெட் உச்சியில் ஒரு நோட்டைப் பிடித்து நிறுத்த, அதற்கு அடியில் நான் சிம்பல்களை உருட்டிக்கொண்டிருப்பேன். அந்த நோட்டை எப்போது முடிப்பது என்பது டிரம்ஸ்காரன் கையில். நான் கடைசி அடியை அடித்தால் பதினாறு பேரும் அந்த அடியோடு நிற்பார்கள். முன்பெல்லாம் சவரி அண்ணன் கண்ணால் சொல்வார், நான் அடிப்பேன். மாஸ்டர் கையை ஆட்டுவது அதற்குப் பிறகுதான்.

கடைசிச் சுற்றுக்குள் நுழையும்போது ஆ லியோங் டிரம்பெட்டை வாயிலிருந்து எடுத்தார். உதடு வீங்கி மரத்துப்போயிருந்தது. சாயங்காலம் முழுக்க உச்சியில் ஊதினால் யாருக்கும் அப்படி ஆகலாம், அவர்மேல் குற்றமில்லை. மறுபடி வைத்தார், காற்று மட்டும் வந்தது. மேலே இருக்க வேண்டிய சத்தம் இல்லை. மேலாளரின் தலை அசைவது நின்றது. மாஸ்டர் என்னைப் பார்த்தார். என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை என்பதை அவர் முகத்தில் முதல்முறை பார்த்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். அதைத் தவிர நான் செய்ய ஒன்றுமில்லை.

சவரி அண்ணன் எழுந்து நின்றார்.

யாரும் சொல்லவில்லை. தாளும் இல்லை, அவருக்கு அது தேவையும் இல்லை. முதல் டிரம்பெட்டின் வரியை, விட்ட இடத்திலிருந்து எடுத்தார். பேண்ட் மொத்தமும் நிமிர்ந்தது எனக்குத் தெரிந்தது. டிரம்போன்கள் ஏறின, சாக்ஸபோன்கள் ஏறின. அவர் அப்படி ஊதி நான் கேட்டதில்லை. நல்ல நாட்களில்கூட இல்லை.

உச்சி நோட்டு வந்தது. பிடித்தார். நான் சிம்பலை உருட்ட ஆரம்பித்தேன்.

பார்க்காதே என்று சொல்லியிருந்தார். பார்த்தேன். கழுத்து நரம்பு கயிறுபோலப் புடைத்திருந்தது. முகம் கறுத்துப் போயிருந்தது. கண் மூடியிருந்ததால் எப்போது முடிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்ல அவரால் முடியாது. அந்த நோட்டில் நடுக்கம் இல்லை. நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவர் நெஞ்சுக்குள் அந்த மெலிந்த இடம் எனக்குக் கண்ணால் பார்ப்பதுபோலத் தெரிந்தது. மாஸ்டரின் கை இன்னும் மேலேயே இருந்தது.

அடித்தேன்.

பதினாறு பேரும் நின்றார்கள். சவரி அண்ணனும் நின்றார். நினைத்திருந்தால் அவர் தொடர்ந்து ஊதியிருக்கலாம். ஆனால் பேண்டில் வளர்ந்தவர், கடைசி அடிக்குப் பிறகு ஊதமாட்டார். டிரம்பெட்டை இறக்கினார். கைதட்டல் எழுந்தது, மேலாளரும் எழுந்து நின்று தட்டினார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டும் பார்வை இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இலையை எடுத்துவிட்டால் ஒரு மனிதன் எப்படிப் பார்ப்பானோ அப்படி.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து இரும ஆரம்பித்தார். தோட்டத்து வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நுரையீரலில் சின்னதாக ஒரு கிழிசல். நெஞ்சில் குழாய் வைத்தார்கள். மேரி அண்ணி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "சளின்னு சொன்னாரே" என்றார். நான் டாக்டரிடம் கேட்டேன், எப்போது கிழிந்திருக்கும் என்று. அந்தக் கடைசி நோட்டிலா, அதற்கு முன்பா, அப்புறம் இருமியபோதா. சொல்ல முடியாது என்றார்.

ஹோட்டல் எங்களை எடுத்துக்கொண்டது. நான் ஆலை வேலையை விட்டுக் கோலாலம்பூருக்குப் போனேன். அப்புறம் வேறு ஹோட்டல்கள், உல்லாசக் கப்பல், மணிக்கட்டு வீங்கி நிறுத்தும்வரை அதுவே என் பிழைப்பு. இன்று நீங்கள் என்னை அங்கிள் என்று கூப்பிட்டு நாற்காலி போடுவதற்குக் காரணம் அந்த ஞாயிறுதான். அன்று அவர் எழுந்து நிற்காமல் இருந்திருந்தால் மேலாளர் தேநீரைக் குடித்துவிட்டுப் போயிருப்பார்.

சவரி அண்ணன் பிழைத்துக்கொண்டார். டிரம்பெட்டை மாதாகோயில் பேண்டுக்குக் கொடுத்துவிட்டார். மருந்தடிக்கும் வேலையிலிருந்து மாற்றி நாற்றுமேட்டில் இலகுவான வேலை கொடுத்தார்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் தோட்டத்து லயத்தில் அவர் வீட்டுக்குப் போவேன். அண்ணி கோப்பி கொடுப்பார். ஹோட்டலில் என்ன வாசிக்கிறோம், ஆ லியோங் எப்படி இருக்கிறார், மாஸ்டர் சட்டை போடுகிறாரா கோட்டு போடுகிறாரா என்று அண்ணன் எல்லாம் கேட்பார். அந்தக் கடைசிப் பாட்டைப் பற்றி மட்டும் பேசமாட்டார். நானும் எடுக்கவில்லை. என்னிடம் மறுபடி பேசுகிறாரே, அது போதும் என்றிருந்தேன்.

எண்பதுகள் முடிவதற்கு முன்பே அண்ணனுக்கு உடம்பு ரொம்ப இறங்கிவிட்டது. கடைசியாகப் பார்த்தபோது கட்டிலில் தலையணைகளை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தார். அண்ணி கடைக்குப் போயிருந்தார்.

"குணா, அந்த நோட்டு" என்றார்.

எந்த நோட்டு என்று நான் கேட்கவில்லை.

"நீ நிறுத்தும்போது எனக்கு இன்னும் மூச்சு இருந்துச்சு."

"மூஞ்சியைப் பார்த்தேன்ண்ணே. கறுத்துப் போயிருந்துச்சு."

"மூஞ்சி அப்படித்தான்லா இருக்கும். உள்ள இருந்துச்சு. ஊதினவன் நான், எனக்குத் தெரியாதா?"

அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். அவர் அப்படி நம்ப விரும்பியதாகவும் இருக்கலாம். நோட்டு நடுங்கவில்லை என்பது எனக்கு நினைவிருந்தது.

"கோவத்துல கேக்கல. மறுபடியும் அந்த மாதிரி இடம் வந்தா நிறுத்துவியா?"

"நிறுத்துவேன்ண்ணே."

கூரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"சரி" என்றார். "நிறுத்து. ஆனா இன்னும் கொஞ்சம் விட்டுட்டு நிறுத்து."

அதன் பிறகு நான் எத்தனையோ ஊர்களில், எத்தனையோ டிரம்பெட்காரர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி நோட்டுகளை முடித்துவைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஊதுகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சிம்பலை உருட்டுவேன். அவர் கேட்ட அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று எனக்கு ஒரு முறைகூடத் தெரிந்ததில்லை.